பாக்கியமேரிக்கு ஒரு பூசை

எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது, இந்த உலகத்தில் பிறக்கவே பிறக்காத ஒரு பெண்ணுக்காக எங்கள் ஊர் மாதா கோயிலில் பூசைக்குப் பேர் கொடுத்தேன். ஊரில் பழைய ஆட்கள் என்னைப் பார்த்தால் இன்றைக்கும் அதைத்தான் கேட்பார்கள். "இன்னாம்மா, உங்க சித்தி நல்லா கீறாங்களா?" நானும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல், "நல்லா கீறாங்க" என்று சொல்லிவிட்டு வருவேன். பொய்யில்லை. எங்கள் வீட்டு மனிதர்களிலேயே நோய்நொடி இல்லாமல் இருக்கிறவள் அவள் ஒருத்திதான்.

நடந்தது 1991-ஆம் வருஷம், நவம்பரில். ஒரகடத்திலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், டிரைவருக்கு மனமிருந்தால் பஸ் நிற்கிற ஊர் எங்களுடையது. இப்போது அந்தச் சாலையில் கம்பெனி பஸ்கள் ஒன்றையொன்று முட்டித் தள்ளிக்கொண்டு போகின்றன. அப்போது வேலைக்கென்று வெளியே போகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அப்பா அவர்களில் ஒருவர். சிங்கப்பெருமாள் கோவிலில் ரயில்வே ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கம்பெனியில் லேத் ஓட்டினார். சைக்கிளில் போய் சைக்கிளில் வருவார். அம்மா வீட்டிலேயே துணி தைத்தாள். ஊரில் பாதிப் பேர் எங்களைப் போல மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், மீதிப் பேர் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ரவிக்கை என்று வந்துவிட்டால் இரண்டு தரப்பும் எங்கள் வீட்டுக்குத்தான் வர வேண்டும்.

ரவிக்கை வெட்டிய அதே கையால் அம்மா ஒரு நாவலும் எழுதிக்கொண்டிருந்தாள் என்பது ஊருக்குத் தெரியாது. அவள் மறைத்தாள் என்று சொல்ல முடியாது. யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தவர்கள், அளவுக் கணக்கு எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டு போனார்கள்.

அம்மாவுக்கு மேசை என்று ஒன்று தனியாகக் கிடையாது. தையல் மெஷினின் தலையை உள்ளே மடக்கி மேலே பலகையைப் போட்டால் அதுதான் மேசை. காகிதம் அப்பா கம்பெனியிலிருந்து வரும். ஒரு பக்கம் அச்சடித்த பழைய ஷிப்ட் தாள்கள். குப்பைக்குப் போக இருந்தவற்றை சூப்பர்வைசரிடம் கேட்டுக் கட்டாக வாங்கி, சைக்கிள் கேரியரில் வைத்துக் கொண்டுவருவார். முன்பக்கத்தில் எத்தனை பீஸ் ஓடியது, எத்தனை ரிஜெக்ட் ஆனது என்று யாரோ கிறுக்கியிருப்பார்கள். பின்பக்கத்தில் அம்மாவின் கதை ஓடும்.

எழுத உட்கார்ந்ததும் அவள் செய்கிற முதல் வேலை மெஷினின் பெல்ட்டைக் கழற்றிவிடுவது. பெல்ட் இல்லாமல் மிதித்தால் கீழே இருக்கிற பெரிய சக்கரம் மட்டும் சும்மா சுற்றும். கால் மிதித்தால்தான் அவளுக்குக் கை ஓடும். அந்தச் சத்தத்தை வைத்தே நாவலின் நிலவரத்தை நான் சொல்லிவிடுவேன். ஒரே சீராகக் கேட்டால் கதை நன்றாகப் போகிறது; அந்த நேரத்தில் போய்க் கடலைமிட்டாய்க்குக் காசு கேட்டால் கிடைக்கும். தடதடவென்று வேகமாகக் கேட்டால் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறாள், கிட்டேயே போகக்கூடாது. சத்தம் சுத்தமாக நின்றுவிட்டால் அடுப்பில் ஏதோ தீய்ந்துவிட்டது என்று அர்த்தம். அந்த நவம்பரில் நாங்கள் நிறையத் தீய்ந்த குழம்பு சாப்பிட்டோம்.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. தீபாவளி ரவிக்கைகள் எல்லாம் உரியவர்களிடம் போய்ச் சேர்ந்து, கிறிஸ்துமஸ் துணிகள் வந்து இறங்குவதற்கு முன்னால் நடுவில் கொஞ்ச நாள் மெஷின் சும்மா இருக்கும். வருஷத்தில் அம்மாவுக்குச் சேர்ந்தாற்போல் கிடைக்கிற அவகாசம் அவ்வளவுதான். போன வருஷத்து அவகாசத்தில் ஆரம்பித்த நாவல், நடுவே கிடைத்த மத்தியானங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, இந்த வருஷத்து அவகாசத்தில் முடிந்தாக வேண்டும். விட்டால் கிறிஸ்துமஸ், பிறகு பொங்கல், அதற்குப் பிறகு கல்யாணத் துணிகள். ஆறிப்போன கதையைத் திரும்ப அடுப்பில் ஏற்ற முடியாது என்று அம்மா சொல்வாள். முடித்தால் அச்சில் வருமா என்று அப்பா ஒருநாள் கேட்டதற்கு, "வரும்" என்றாள். உலை வைத்திருக்கிறேன், சோறு வெந்துவிடும் என்று சொல்கிற மாதிரிதான் சொன்னாள்.

எழுதாத நேரத்திலும் அவள் எழுதிக்கொண்டுதான் இருந்தாள். அடிபம்பில் தண்ணீர் அடிக்கும்போது கதையில் வருகிறவர்களின் சண்டையை இரண்டு குரலிலும் தானே போடுவாள். அளவெடுக்க நிற்கிற பெண்ணின் முதுகைப் பார்த்து, "உன்ன நம்பித்தான் வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அவள் பயந்து திரும்பியதும், "ஒண்ணுமில்ல, கைய எறக்கு" என்பாள். மற்றபடி பொறுமைசாலி. அவளால் தாங்க முடியாத விஷயம் ஒன்றே ஒன்று. அளவெடுக்கும்போது யாரும் அசையக்கூடாது. நான் அசையாமல் நின்றதே கிடையாது. டேப் பட்டதும் கூசும், சிரிப்பேன், நெளிவேன். "கொரங்கே, நில்லு" என்று முதுகில் ஒரு தட்டு விழும். எனக்குத் தைத்த கவுன்கள் எல்லாம் ஒரு பக்கம் தொளதொளவென்று இருந்ததற்கு அதுதான் காரணம்.

நாவலின் கதாநாயகி பாக்கியமேரி. எங்களுடையதைப் போலவே ஒரு ஊர், எங்களுடையதைப் போலவே தார் போடாத தெரு. அவளும் துணி தைக்கிறவள். வீட்டுக்காரன் குடிக்க மாட்டான், அடிக்க மாட்டான். ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தைக்கு அம்மா பெயர்கூட வைக்கவில்லை. கதை முழுக்கக் குழந்தை, குழந்தை என்றே வரும். எனக்கு அந்தக் குழந்தைமேல் பெரிய அக்கறை இல்லை. என் பிரியமெல்லாம் பாக்கியமேரிமேல்தான். அம்மா வயதுக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதையில்லை என்பதால், நானாகவே அவளை சித்தி ஆக்கிக்கொண்டேன். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "இன்னிக்கு சித்தி இன்னா பண்ணாங்க?" என்பேன். அம்மாவும், பக்கத்துத் தெருவில் இருக்கிற தங்கையைப் பார்த்துவிட்டு வந்தவள் போல, "கெணத்தாண்ட போய் ஒக்காந்துகினா. வூட்டுக்கே வரமாட்டேன்னா" என்று பதில் சொல்வாள்.

அன்றன்றைக்கு எழுதியதை, அப்பா சாப்பிடும்போது அம்மா படித்துக் காட்டுவது வழக்கம். அப்பா கதை கேட்கிறவர் இல்லை. ஆனால் எதையும் சரிபார்க்காமல் விடக்கூடாது என்பது அவருடைய தொழில்புத்தி. முந்தாநாள் அத்தியாயத்தில் மழை, இன்றைக்கு எப்படிக் காய்ந்த விறகு கிடைத்தது என்று கேட்பார். அம்மா முனகிக்கொண்டே திருத்துவாள். அப்படி ஒருநாள் அப்பா, "கடசில இன்னாதான் ஆவுது அந்தப் பொம்பளைக்கு?" என்று கேட்டார்.

"செத்துப் போயிடறா. காய்ச்சல்ல."

"சரி, ஸ்கிராப்பு" என்று, கழித்துப்போட்ட பீஸைச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டு அப்பா மோர் ஊற்றிக்கொண்டார்.

நான் சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிட்டேன். ஒரு கதையில் ஒருத்தி சாகப்போகிறாள் என்பது மட்டும் காரணம் இல்லை. பாக்கியமேரிக்கு இடது மணிக்கட்டில் இஸ்திரிப்பெட்டி சுட்ட தழும்பு இருந்தது. அம்மாவுக்கும் அதே இடத்தில் அதே தழும்பு. பாக்கியமேரி ஊசியை உதட்டில் கவ்விக்கொண்டு பேசுவாள். அம்மாவும் அப்படித்தான். இவ்வளவும் ஒன்றாக இருக்கும்போது காய்ச்சல் மட்டும் எப்படித் தனியாக வரும்? அன்று முதல் நான் அம்மாவின் நெற்றியைத் தொட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். அவள் எழுதும்போது பின்னால் போய்க் கழுத்தில் கை வைப்பேன். "இன்னாடி, பசிக்குதா?" என்பாள். இல்லை என்று சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். பயம் என்றால் அப்படி ஒரு பயம். பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு ஒப்பிக்கும்போது நடுவில் அழுதிருக்கிறேன்.

கடைசியில் துணிந்து அம்மாவிடமே கேட்டேன். "சித்திய சாவடிக்காதம்மா."

அம்மா பேனாவை மூடாமலே என்னைப் பார்த்தாள். "நானா சாவடிக்கிறேன்? கதை அப்பிடித்தான் போவுது. என் கைல இன்னா கீது?"

எழுதுகிறவர்கள் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது என்று இப்போது தெரியும். பாதி பெருமைக்குச் சொல்வது. ஒன்பது வயதில் நான் அதை அப்படியே நம்பினேன். எழுதுகிற அம்மாவின் கையிலேயே இல்லை என்றால், அவளுக்கும் மேலே இருக்கிறவரிடம்தான் போக வேண்டும். அதற்கு எங்கள் ஊரில் ஒரு வழி இருந்தது. யாருக்காவது உடம்பு சரியில்லை என்றாலும், பரீட்சை என்றாலும், மாடு காணாமல் போனாலும், கோயிலைப் பார்த்துக்கொள்ளும் உபதேசியாரிடம் பேர் கொடுப்பார்கள். ஞாயிற்றுக்கிழமை பக்கத்துப் பங்கிலிருந்து மோட்டார் சைக்கிளில் வரும் சாமியார் அந்தப் பேரைப் பூசையில் வாசிப்பார். ஊர் மொத்தமும் சேர்ந்து வேண்டிக்கொள்ளும். இத்தனை பேர் கேட்டால் கடவுளால் மறுக்க முடியாது என்பது என் கணக்கு.

காணிக்கைக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. கரண்ட் போகும்போது அம்மா ஏற்றி வைத்துக்கொண்டு எழுதுவதற்காக ஒரு கட்டு மெழுகுவத்தி வைத்திருந்தாள். அதைப் பாவாடைக்குள் மறைத்து எடுத்துக்கொண்டு போனேன்.

உபதேசியார் கோயில் வாசலில் ஏணிமேல் நின்று சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தார். பெரிய மீசை, இளகிய மனசு. ஏணியிலிருந்து இறங்காமலே விசாரித்தார்.

"யாரு பேருக்கும்மா?"

"பாக்கியமேரி. எங்க சித்தி."

"அம்மாவோட தங்கச்சியா? இன்னா ஆச்சு?"

"காய்ச்சல்."

அவர் கையிலிருந்த மட்டையை வாளியில் போட்டார். "ஐயோ பாவமே. சின்ன வயசு தானே?"

ஆமாம் என்றேன். சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் இறங்கி வந்து சுண்ணாம்புக் கையோடு என் தலையைத் தொட்டு, மெழுகுவத்தியை வாங்கிக்கொண்டார். எல்லாம் சாமி பார்த்துக்கொள்வார், அம்மாவைத் தைரியமாக இருக்கச் சொல் என்றார். நானும் தைரியமாகத் திரும்பி வந்தேன்.

நான் யோசிக்காதது, அது நவம்பர் மாதம் என்பது. நவம்பர் செத்தவர்களின் மாதம். கல்லறைத் திருநாள் முடிந்தாலும், மாதம் முழுக்க இறந்துபோன சொந்தக்காரர்களின் பேரைக் கொடுப்பார்கள், சாமியார் வரிசையாக வாசிப்பார். அந்த மாதத்தில் ஒரு பிள்ளை கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, சித்தி, காய்ச்சல் என்று சொன்னால் எந்த உபதேசியாரும் ஒரே முடிவுக்குத்தான் வருவார்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு ஓவர்டைம். நானும் அம்மாவும் பெண்கள் பக்கத்தில் பாயில் உட்கார்ந்திருந்தோம். என்ன காரணமோ அன்றைக்கு எல்லோரும் அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். ஒரு பெண் அவள் தோளைத் தொட்டு, "மனச தேத்திக்கோம்மா" என்றாள். துணி தாமதமானதைச் சொல்கிறாளோ என்று அம்மா குழம்பிப்போய்த் தலையாட்டினாள். உபதேசியார் முந்தின நாளே நாலு பேரிடம் சொல்லியிருந்திருக்கிறார்.

சாமியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். "பின்வரும் ஆத்துமாக்களின் நித்திய இளைப்பாற்றிக்காக." சூசை, அருளப்பன், தெரசம்மாள் என்று போய்க்கொண்டிருந்த வரிசையில், "பாக்கியமேரி" என்றார்.

என் பக்கத்தில் அம்மாவின் உடம்பு தூக்கிப்போட்டதை உணர்ந்தேன். அவள் இன்னும் அந்த அத்தியாயத்தை எழுதவில்லை. எழுதாத சாவைச் சாமியார் மைக்கில் வாசிக்கிறார். அவள் என்ன நினைக்கிறாள் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இல்ல சாமி! சித்தி இன்னும் சாவல சாமி!"

கோயில் முழுக்கத் திரும்பியது. ஒரு கைக்குழந்தைகூட அழுகையை நிறுத்தியது. சாமியார் கண்ணாடிக்கு மேலே என்னைத் தேடினார். உபதேசியார் பீடத்துக்குப் பக்கத்தில் எழுந்து நின்று, "காய்ச்சல்னு இந்தப் பொண்ணுதான் சாமி வந்து அழுதுச்சு" என்றார். உயிரோடு இருக்கிற ஒருத்தியை இறந்தவர்கள் வரிசையில் சேர்த்துவிட்டோமே என்று மனிதர் வெலவெலத்துப் போயிருந்தார்.

அம்மா என் தொடையில் கிள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு நிதானமாக எழுந்தாள்.

"மன்னிக்கணும் சாமி. அது நான் எழுதற கதைல வர்ற பொம்பள. எனக்குத் தங்கச்சியெல்லாம் கெடையாது. அவ இன்னும் சாவல. கடைசி அத்தியாயம் பாக்கி கீது."

அதைச் சொல்லும்போது அவள் குனியவில்லை, கூசவில்லை. யாரோ கேட்ட ரவிக்கை இன்னும் தைக்கவில்லை என்பதைச் சொல்கிற அதே குரல். எனக்கு அன்றைக்கு அது சாதாரணமாகத்தான் பட்டது. ஊர் நடுவில் நின்று, நான் எழுதுகிறவள் என்று சொல்ல எனக்கே பிற்காலத்தில் எத்தனை வருஷம் பிடித்தது என்று பார்க்கும்போதுதான் அந்தக் குரலின் அருமை தெரிகிறது.

முதலில் ஆண்கள் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அப்புறம் எல்லாப் பக்கமும். சாமியார் சிரிப்பை அடக்கிக்கொண்டு கையிலிருந்த தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எனக்குக் கண்ணிலும் மூக்கிலும் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்து அந்தப் பேரை அடித்தார். "அப்படின்னா இவங்கள நோயாளிகளோட சேத்துக்கலாம்" என்றார். பிறகு, "காய்ச்சலால் வருந்தும் பாக்கியமேரிக்காக மன்றாடுவோம்" என்று முழுக்குரலில் சொன்னார். சிரித்துக்கொண்டிருந்த ஊர், பழக்க தோஷத்தில், எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று ஒரே குரலில் முழங்கியது. நான் உட்கார்ந்தேன். இனிமேல் கவலையில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "மெழுவத்திய நீதானே எடுத்துகினு போனே?" தலையாட்டினேன். அதற்குப் பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாளிலிருந்து எங்கள் வீடு சந்தை மாதிரி ஆகிவிட்டது. முதலில் உபதேசியார் வந்தார். பாக்கியமேரியிடமே மன்னிப்புக் கேட்க வந்தவர் போல, தயங்கித் தயங்கி, முதலிலிருந்து கதையைச் சொல்லச் சொன்னார். அந்த வருஷம் மே மாதம் நடந்த குண்டுவெடிப்பால் பக்கத்து ஊரின் பெயர் உலகத்துப் பேப்பர்களில் எல்லாம் வந்திருந்தபடியால், அம்மா அதைப் பற்றித்தான் எழுதுகிறாள் என்று நம்பி வந்த சிலர், ஒரு தையல்காரியின் கதை என்றதும் ஏமாந்து போனார்கள். ரவிக்கையைப் பிடிக்க வேண்டும், தளர்த்த வேண்டும் என்று வந்தவர்கள் எல்லோரும் போகும்போது, "அவள பொழைக்க வெச்சிடும்மா" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மா சிரித்துக்கொண்டே எல்லோருக்கும் காபி போட்டாள். நாவல் அங்கேயே நின்றது.

அதை நிஜமாகவே நிறுத்தியது எதிர்வீட்டு அக்காதான். மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். கோயிலில் நடந்தது அவர் காதுக்கும் போயிருந்தது. சொம்பை வாங்கும்போது அம்மாவை மடக்கினார்.

"புருஷன் கொடுமைக்காரனா?"

"இல்லக்கா. நல்லவன்."

"மாமியா?"

"மாமியாரே இல்ல."

"அப்ப எதுக்குச் சாவறா?"

அக்கா பதிலுக்குக் காத்திருக்கவில்லை. அவருக்கு இன்னும் பத்து வீடு பாக்கி. அன்றைக்கும் அதற்கு அடுத்த நாளும் மெஷினின் சக்கரம் தடதடவென்று ஓடிக்கொண்டே இருந்தது. ஷிப்ட் தாளில் ஒரு வரி ஏறவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம், முதல் கிறிஸ்துமஸ் துணி வந்து இறங்கியது. ஒரு குடும்பத்துக்கே சேர்த்து ஒரே பூப்போட்ட துணி, பெரிய மூட்டை. அம்மா அதை அலமாரியில் வைக்காமல் வாசற்படிக்குப் பக்கத்திலேயே வைத்துவிட்டு, அதைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் முகம் அப்படி வாடி நான் பார்த்ததில்லை.

அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போனது. மெழுகுவத்தி இல்லை. அப்பா வாங்கி வருகிறேன் என்று சொல்லித் தினமும் மறந்துகொண்டிருந்தார். வெளியே மழை பிடித்திருந்தது. அம்மா என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள்.

"நீ கேட்டுகினியே, சித்தி சாவக்கூடாதுன்னு. சாவலன்னா அவ அங்க இருக்க மாட்டா. போயிடுவா."

"எங்க?"

"சிங்கப்பெருமாள் கோயில்ல ரயில் ஏறுவா. பல்லாவரத்துல எக்ஸ்போர்ட் கம்பெனி கீது. தைக்கிற வேலை."

"திரும்பி வருவாங்களா?"

"கதை அத்தோட முடிஞ்சிடும்."

எனக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருப்பதாகத் தோன்றவில்லை. "போவட்டும்மா. உசுரோட இருந்தா போதும்."

அம்மா என் பக்கம் திரும்பி, "கொழந்தய வுட்டுட்டில்ல போவணும்" என்றாள்.

"அதுக்கு அப்பா கீறாரு இல்ல? பாத்துப்பாரு. அது இன்னா பச்சக் கொழந்தையா, சமாளிச்சுக்கும்."

இதை நான் மிகவும் தாராளமாகச் சொன்னேன். என் சித்தி பிழைப்பதற்குப் பேர்கூட இல்லாத அந்தக் குழந்தை இந்தச் சின்னக் கஷ்டத்தைப் பட்டால்தான் என்ன? அம்மா என் முகத்தைப் பார்த்திருப்பாளா என்று தெரியாது; இருட்டாக இருந்தது. கரண்ட் வந்ததும் எழுந்து போய் மெஷின் பலகைமேல் தாளை வைத்தாள். அன்றைக்குச் சக்கரச் சத்தமே கேட்கவில்லை. அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று நினைத்து ஓடிப் பார்த்தேன். அடுப்பே பற்ற வைக்கவில்லை. காலை அசைக்காமல், குனிந்த தலை நிமிராமல் அம்மா எழுதிக்கொண்டிருந்தாள்.

கடைசி அத்தியாயத்தை அப்பாவுக்குப் படித்துக் காட்டிய அன்று அவர் வழக்கம்போல மழையையும் விறகையும் கேட்கவில்லை. தட்டில் கோடு போட்டுக்கொண்டே இருந்தார். பாக்கியமேரி விடியற்காலையில் பையைத் தூக்கிக்கொண்டு ரயிலுக்கு நடக்கிற இடம் வந்ததும் நிமிர்ந்தார்.

"இங்கேருந்து அவ்ளோ தூரம் நடந்தா போவா?"

"வேற எப்பிடிப் போவா?"

"அவன் நல்லவன்னு தானே எழுதிகினு வந்தே. அவன்கிட்ட சைக்கிள் கீது இல்ல? கொண்டுபோய் வுட்டிருப்பான்."

அம்மா அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துவிட்டு, அங்கேயே உட்கார்ந்து வேறு எழுதினாள். புத்தகம் அச்சில் வந்தபோது படித்தவர்கள் எல்லோரும் அந்த இடத்தைத்தான் சொன்னார்கள். விடியற்காலை, சைக்கிள் கேரியரில் பாக்கியமேரி, ஸ்டேஷன் வரைக்கும் ஒரு வார்த்தை பேசாமல் மிதிக்கிற அவள் புருஷன். அது அப்பா சரிபார்த்துச் சொன்னது என்று அவர்களுக்குத் தெரியாது.

அம்மா எங்கும் போகவில்லை. அதற்குப் பிறகும் எழுதினாள், அதற்குப் பிறகும் தைத்தாள். இப்போதும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு இரண்டையும் செய்கிறாள். எனக்கு ஒரு பெண் பிறந்து, அவள் தூங்குகிற மத்தியானங்களில்தான் அந்த நாவலை முதல் பக்கத்திலிருந்து நானாகப் படித்தேன். பேரில்லாத குழந்தையை அப்போதுதான் ஒழுங்காகக் கவனித்தேன். அதற்கு ஒன்பது வயது. டேப் பட்டால் கூசும். அளவெடுக்கும்போது அசையாமல் நிற்கத் தெரியாது. புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். அன்றைக்கு இருட்டில் அம்மா என்னிடம் என்ன கேட்டாள், நான் என்ன சொன்னேன் என்பது விளங்க எனக்கு அத்தனை வருஷம் ஆகியிருக்கிறது.

நாவலை முடித்த மறுநாள் காலையில் அம்மா மெஷினின் தலையை வெளியே எடுத்து நிறுத்தி, எண்ணெய் விட்டு, பெல்ட்டை மாட்டினாள். வாசற்படியில் கிடந்த மூட்டையைப் பிரிக்கவில்லை. "உன் கிறிஸ்துமஸ் கவுன்தான் முதல்ல" என்று என்னைக் கூப்பிட்டாள். தோளை அளந்தாள், உயரத்தை அளந்தாள். டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்தவள், அளவைப் பார்த்த பிறகும் எடுக்கவில்லை. டேப்போடு சேர்த்து என்னையும் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, என் தலைமேல் கன்னத்தை வைத்தபடி நின்றாள். இந்தத் தடவையாவது கவுன் தொளதொளவென்று இல்லாமல் சரியாக வரட்டும் என்று பொறுமையாக அளவெடுக்கிறாள் என்று நினைத்தேன். கூச்சத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு அடக்கி, அவள் விடும்வரை அசையாமல் நின்றேன்.